பகத்சிங்குக்குப் பயமே இல்லையா?

இங்கே எங்கள் இந்தியர் சங்கத்தின் குடியரசு தின விழாவில் என் பையன் பகத்சிங் வேஷம் போட்டான். ஐப்ரோ பென்சிலால் மீசை வரைந்துகொண்டிருந்தபோது திடீரென்று கேட்டான்: "அப்பா, தூக்குல போடப்போறாங்கன்னு தெரிஞ்சும் அவருக்குப் பயமே இல்லையா?"

"மாவீரன்டா அவரு. பயமெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிட்டேன்.

அன்று இரவு பகத்சிங்கின் கடிதங்களை எடுத்துப் படித்தேன். பையனுக்கு அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டோமே என்றிருந்தது.

நாம் காரில் ஸ்டிக்கராக ஒட்டும் அந்தத் தொப்பிப் படம், 1929 ஏப்ரலில் மத்திய சட்டசபையில் குண்டு வீசுவதற்குச் சில நாட்களுக்கு முன் டெல்லி ஸ்டூடியோ ஒன்றில் எடுத்தது. அப்போது அவருக்கு வயது 21. அதற்குள் அவர் மனதில் ஒரு பாரம் ஏறியிருந்தது. லாலா லஜபதிராய் மீதான தடியடிக்குப் பழிவாங்க, போலீஸ் அதிகாரி ஸ்காட்டைக் குறிவைத்தார்கள். 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் சுடப்பட்டதோ சாண்டர்ஸ் என்ற இளம் அதிகாரி. துரத்தி வந்த இந்தியக் காவலர் சன்னன் சிங்கும் ஆசாத்தின் குண்டுக்குப் பலியானார். அடுத்து அவர்களது இயக்கம் ஒட்டிய சுவரொட்டி, கொலையை நியாயப்படுத்தியது. ஆனால் ஒரு மனிதனைக் கொல்ல நேர்ந்ததற்கு அதிலேயே வருத்தமும் தெரிவித்தது. வெற்றிக் களிப்பில் இருப்பவர்கள் அப்படி எழுத மாட்டார்கள்.

என்னை அதிகம் உலுக்கியது அவர் அப்பாவுக்கு எழுதிய கடிதம்தான். தீர்ப்பு நெருங்கிய சமயம். சாண்டர்ஸ் கொலைக்கும் தன் மகனுக்கும் சம்பந்தமில்லை என்று தந்தை கிஷன் சிங் தீர்ப்பாயத்துக்கு மனுப் போட்டார். அவரும் விடுதலைப் போராட்டக்காரர்தான், ஆனாலும் பெற்ற மனம். 1930 அக்டோபர் 4 அன்று மகன் பதில் எழுதினார். வார்த்தைகளில் மரியாதை தவறிவிடுமோ என்று அஞ்சிக்கொண்டே எழுதினார். வேறு யாராவது இதைச் செய்திருந்தால் துரோகம் என்றே சொல்லியிருப்பேன், நீங்கள் என்பதால் பலவீனம் என்கிறேன் என்ற பொருளில் கொட்டித் தீர்த்தார். கடிதத்தைப் பத்திரிகையில் வெளியிடவும் சொன்னார். மூன்றாம் நாள் தூக்குத் தண்டனை அறிவிக்கப்பட்டது.

கடல் தாண்டி உட்கார்ந்துகொண்டு, அப்பா போனில் ஏதாவது சொன்னால் "சரிப்பா" என்று மட்டும் சொல்லப் பழகிய எனக்கு அதைப் படிக்கவே கஷ்டமாக இருந்தது.

அதே மாதங்களில்தான் சிறையில் இன்னொரு கேள்வியும் அவரைக் குடைந்தது. கடவுளை மறுப்பது உன் கர்வம் என்று ஒருவர் சொன்னார். அவர் அதைச் சிரித்துத் தள்ளவில்லை. உண்மையிலேயே கர்வமா என்று தன்னையே விசாரித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். நம்பிக்கை இருந்தால் கஷ்டம் லேசாகும் என்று அதில் ஒப்புக்கொள்கிறார். முன்பு போலீஸ் காவலில் இருந்தபோது பிரார்த்தனை செய்யச் சொல்லி வற்புறுத்தினார்கள். நல்ல காலத்தில் மட்டும்தான் நான் நாத்திகனா என்று யோசித்துவிட்டு மறுத்ததையும் சொல்கிறார். 1930களிலேயே இதைத் தமிழில் தந்தவர் ஜீவா. அவருடைய முடிவை ஏற்காத பக்தரும், அந்த நேர்மையை மதிக்கலாம்.

1931 பிப்ரவரியில் இளம் தொண்டர்களுக்கு எழுதியதில், குண்டுகளால் மட்டும் விடுதலை வராது, மக்களைத் திரட்ட வேண்டும் என்றார். சாவு நெருங்கும்போதும் தன் பழைய வழியைத் திருத்திக்கொள்ள முடிந்தது அவரால். ஃபேஸ்புக்கில் போட்ட ஒரு கருத்தைக்கூட மாற்றிக்கொள்ளாத நாம், அவர் படத்தை மட்டும் டிபியாக வைக்கிறோம்.

மறுநாள் அப்பா கடிதத்தைப் பற்றிப் பையனிடம் சொன்னேன். "அப்போ அப்பாகூட டூ விட்டுட்டாரா? அப்புறம் பழம் விட்டாங்களா?" என்றான்.

1931 மார்ச் 3 அன்று குடும்பத்தார் சிறைக்கு வந்து பார்த்தார்கள். அன்றே பகத்சிங் தன் சின்னத் தம்பி குல்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். உன் கண்ணில் கண்ணீரைப் பார்த்தபோது என்னால் தாங்க முடியவில்லை, தைரியமாகப் படி, உடம்பைப் பார்த்துக்கொள் என்று. இருபது நாள் கழித்து, மார்ச் 23 அன்று, சுகதேவ், ராஜகுருவுடன் தூக்கிலிடப்பட்டார். வயது 23.

"சாவுக்கு அவர் பயப்படலைடா. ஆனா தம்பி அழுததைப் பார்த்து ரொம்ப வருத்தப்பட்டாரு" என்றேன்.

பையன் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அடுத்த வருஷமும் அதே வேஷம்தான் வேண்டுமாம்.