உறைபனியில் கொதிக்கும் வண்டி

பனி என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருவது மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் துளிதான். வெயில் ஏறினால் அதுவும் இருக்காது. ஆனால் கனடா, பின்லாந்து போன்ற நாடுகளின் வட பகுதிகளில் பனி பல மாதங்கள் தரையை மூடிக் கிடக்கும். சாலை மறையும், ஏரி உறைந்து கல்லாகும். அங்கே மக்கள் ஏறிச் செல்லும் ஊர்திகளுள் ஒன்று ‘ஸ்னோமொபைல்’ எனப்படும் பனிவண்டி. முன்னால் இரு சறுக்குக் கட்டைகள். பின்னால் சக்கரத்துக்குப் பதிலாகச் சுழலும் அகன்ற ரப்பர் பட்டை.

வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி. அடியில் ஏரி முழுவதும் பனிக்கட்டி. அதன் மேல் ஓடும் வண்டியின் எஞ்சின் சூடேறி நின்றுவிடுகிறது என்றால் நம்ப முடிகிறதா? அது ஏன் நிகழ்கிறது, அதற்கு அந்நாட்டார் கண்ட எளிய மருந்து என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி பிறந்த கதை

கனடாவில் கியூபெக் மாநிலத்து வால்கோர்ட் என்னும் சிற்றூரைச் சேர்ந்தவர் ஜோசப் அர்மாண்ட் பம்பார்டியர். சிறு வயது முதலே பனியில் ஓடும் வண்டி ஒன்றைச் செய்துவிட வேண்டும் என்று முயன்றவர். 1934ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயது மகன் வயிற்று நோயால் துடித்தான். சாலைகளைப் பனி மூடியிருந்தது. அவர் செய்துகொண்டிருந்த வண்டியோ இன்னும் முடியவில்லை. மருத்துவமனைக்குக் கொண்டுபோக வழியின்றிக் குழந்தை இறந்தது. அந்தத் தந்தை முயற்சியைக் கைவிடவில்லை. 1937இல் பல்சக்கரமும் பட்டையும் கொண்ட தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959இல் ‘ஸ்கீ-டூ’ என்ற சிறிய வண்டி வெளிவந்தது. இன்று ஓடும் பனிவண்டிகள் பெரும்பாலும் அதே வடிவின் வழிவந்தவை.

வெப்பம் எங்கே போகிறது?

எந்த எஞ்சினும் எரிபொருளின் வெப்பம் முழுவதையும் வேலையாக மாற்றிவிடாது. பெரும்பகுதி வீணாகும், அதை வெளியேற்றியாக வேண்டும். மோட்டார் காரில் ரேடியேட்டர் வழியாகக் காற்று அந்த வேலையைச் செய்கிறது. நீரால் குளிர்விக்கப்படும் பனிவண்டிகள் பெரும்பாலானவற்றில் ஏற்பாடு வேறு. சுழலும் பட்டைக்கு மேலே கூரை போன்ற ஓர் உலோக உறை இருக்கிறது. அதில் அலுமினியத்தாலான வெப்பமாற்றிகள் பொருத்தப்பட்டுள்ளன. எஞ்சினைச் சுற்றிச் சூடான திரவம் அவற்றின் வழியே ஓடும். பட்டை சுழலும்போது கீழிருந்து வாரி எறியும் பனித்தூள் வெப்பமாற்றியின் மேல் பட்டு உருகும். அது உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைத் திரவத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது.

இங்கேதான் நம் பாடம் வருகிறது. பனிக்கட்டி உருகுதலின் உள்ளுறை வெப்பம் கிராமுக்கு 80 கலோரி என்று கலவை முறையில் சோதனை செய்து பதிவேட்டில் எழுதிக் கையொப்பம் வாங்கினோம் அல்லவா? எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படிக்கட்டை மிதித்த முதல் ஆள் நான். “இந்தக் கணக்கெல்லாம் எதற்கப்பா உதவும்?” என்று வீட்டில் கேட்பார்கள். அதற்கு நான் தேடிக்கொண்ட விடைகளுள் ஒன்று இந்த வண்டி.

கணக்கிட்டுப் பார்ப்போம். பனியின் தன்வெப்பம் ஏறக்குறைய 0.5. ஆகவே −20 டிகிரியில் உள்ள ஒரு கிராம் பனி 0 டிகிரிக்கு வர 10 கலோரி, உருக 80 கலோரி, ஆக 90 கலோரி கொள்ளும். ஒரு கிராம் காற்றோ 50 டிகிரி சூடேறினாலும் 12 கலோரிதான் கொள்ளும். அந்த ஒரு கிராம் காற்று அடைக்கும் இடம் முக்கால் லிட்டர். ஒரு கிராம் பனி ஒரு சிட்டிகைதான். எஞ்சினிலிருந்து நொடிக்கு 20,000 ஜூல் வெப்பம் அகற்ற வேண்டும் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 4,770 கலோரி. 90ஆல் வகுத்தால் 53 கிராம். அதாவது நொடிக்கு ஒரு கைப்பிடிப் பனித்தூள் உருகினால் எஞ்சின் தப்பிவிடும்.

பனிக்கட்டி உண்டு, தூள் இல்லை

தொல்லை இங்கேதான் தொடங்குகிறது. காற்று அடித்துத் துடைத்த ஏரியிலும், வண்டிகள் ஓடி ஓடி இறுகிய தடத்திலும் உதிரிப் பனி கிடையாது. எல்லாம் கெட்டிப் பாளம். பட்டை அதன் மேல் உருண்டு போகுமே தவிர எதையும் வாரி எறியாது. காலடியில் கடலளவு குளிர் இருந்தும் ஒரு சிட்டிகைகூட வெப்பமாற்றியை எட்டாது.

எஞ்சினுக்கு மட்டுமல்ல ஆபத்து. பட்டையின் உட்புறத்தில் எஃகுக் கிளிப்புகள் உள்ளன. அவை இரு தண்டவாளங்களின் அடியில் பொருத்திய பிளாஸ்டிக் பட்டிகளின் மேல் வழுக்கிச் செல்கின்றன. இதற்கு எண்ணெயும் இல்லை, கிரீசும் இல்லை, பனியே மசகு. உராய்வால் பிறக்கும் வெப்பம் பனியை உருக்கி மெல்லிய நீர்ப்படலம் உண்டாக்குகிறது. பனியில் சறுக்குவதன் காரணம் இப்படலமே என்பதை 1939இல் பௌடன், ஹியூஸ் என்னும் அறிஞர்கள் சோதனைகளால் காட்டினர். பனி வராவிட்டால் பிளாஸ்டிக் காய்ந்து உராயும். அது சுமார் 130 டிகிரியில் உருகக்கூடியது. முதலில் இளகும், பிறகு வழிந்து தேயும். வண்டியை நிறுத்தினால் கிளிப்போடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. விசிறிக் காற்றால் எஞ்சினைக் குளிர்விக்கும் வண்டிகளுக்கும் இந்த இரண்டாம் தொல்லை உண்டு.

பிறாண்டும் கம்பி

இதற்கான மருந்து ‘ஐஸ் ஸ்கிராச்சர்’. ‘பிறாண்டி’ என்று நான் தமிழ்ப்படுத்திக்கொள்கிறேன். சுருள்வில்லோடு கூடிய எஃகுக் கம்பி. அதன் நுனியில் கடினமான கார்பைடு. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. நுனி பனிக்கட்டியைக் கீறிக்கொண்டே வரும். கீறலில் எழும் தூளைச் சுழலும் பட்டையும் காற்றும் மேலே தூக்கும். சறுக்குக் கட்டையில் பொருத்தும் வகையும் உண்டு. தண்டவாளத்தில் பொருத்தும் வகையும் உண்டு.

தண்டவாளத்தில் பொருத்தும் முறை இது. வண்டியின் பின்புறத்தைத் தூக்கி நிறுத்த வேண்டும். கூடியவரை முன்னால் தள்ளி இடம் குறிக்க வேண்டும். எழும் தூள் பின்னோக்கியே போகுமாதலால், முன்னால் கீறினால்தான் பின்னால் உள்ள பட்டி முழுவதும் நனையும். தண்டவாளத்தில் ஏற்கெனவே உள்ள ஆணித் துளைகளை ஒட்டித் துளையிட்டால் வலு குறையும். இரு பக்கமும் ஒரே அளவில் துளையிட்டு, அதிர்வில் கழலாத பூட்டு நட்டு போட்டு முடுக்க வேண்டும். நுனி பின்னோக்கிச் சாய்ந்து தரையை இலேசாக அழுத்தினால் போதும். பிறகு பட்டையைக் கையால் சுழற்றியும், வண்டியை அழுத்தியும், கம்பி பட்டையிலோ சக்கரத்திலோ உரசவில்லை என்று பார்க்க வேண்டும். தேவையற்றபோது கம்பியைத் தூக்கி மாட்டக் கொக்கி உண்டு.

ஓர் எச்சரிக்கை: பின்னோக்கிச் சாய்ந்த கம்பி, வண்டி பின்னால் நகர்ந்தால் பனியில் குத்தி வளைந்துவிடும். எனவே பின்னால் எடுக்குமுன் தூக்கி மாட்ட வேண்டும். எஃகு வடத்தால் ஆன வகை வளைந்துகொடுக்கும். மேலும் பிறாண்டியும் சர்வரோக நிவாரணி அன்று. தூளே எழாத கண்ணாடிப் பனியில், வெப்பமானியைக் கவனித்து, ஓரத்து உதிரிப் பனியில் சிறிது தூரம் ஓட்டிச் சூட்டைத் தணிப்பார்கள்.

அங்கே இது பொழுதுபோக்காளர்க்கு மட்டுமான செய்தி அன்று. பின்லாந்தின் வடகோடியில் கலைமான் மேய்க்கும் சாமி மக்களும், கனடாவின் இன்னுயிட் வேட்டைக்காரர்களும் பிழைப்புக்கே பனிவண்டியை நம்பியிருக்கிறார்கள். ஆளரவமற்ற ஏரியின் நடுவே, பொழுது சாயும் நேரத்தில் வண்டி நின்றால் ஊருக்கு நடந்துதான் திரும்ப வேண்டும். அந்தக் குளிரில் அது உயிரோடு விளையாடுவதாகும். அவரை வீடு சேர்ப்பதில் நாம் பதிவேட்டில் எழுதிய அந்த 80 கலோரிக்கும் ஒரு பங்கு உண்டு. அடுத்த முறை கலோரிமானியில் பனித்துண்டைப் போட்டுக் கலக்கும்போது, நண்பர்களே, அந்த மனிதரையும் சற்று நினைத்துக்கொள்வோம்.