வாவிக்கரை அடுப்படியிற் கீழைத்தீவுகளின் சுவடுகள்

ஒரு மக்கட் கூட்டத்தின் வரலாற்றை ஏடுகளும் கல்வெட்டுகளும் மட்டுமன்றி, அதன் அடுப்படியும் பேணி வைத்திருக்கின்றது. மட்டக்களப்பு வாவிக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் அருகருகே ஊர்கொண்டு வாழ்கின்றனர். இவர்தம் பண்டிகைப் பண்டங்களுட் சில, இன்று இந்தோனேசியா என வழங்கும் கீழைத்தீவுகளோடு உறவுடையன. அவ்வுறவு எவ்வாறு ஏற்பட்டதென்பதை இங்கு நோக்குவோம்.

முதலிலே தொதலை எடுத்துக்கொள்வோம். அரிசிமா, தேங்காய்ப்பால், சர்க்கரை ஆகியவற்றை அகன்ற தாச்சியிலிட்டு, எண்ணெய் கக்கித் திரளும்வரை மணிக்கணக்கிற் கிண்டியெடுப்பது அது. யாவாவில் இதன் பெயர் 'டொடோல்'. ஆங்கு பசையரிசி மாவும் பனையினச் சர்க்கரையும் சேரும், செய்முறை ஒன்றே. பெயரும் முறையும் ஒருங்கே ஒத்திருத்தலைத் தற்செயல் எனத் தள்ளிவிட இயலாது.

அடுத்தது வட்டலப்பம். பெயரின் ஈறு நமது அப்பத்தை நினைவூட்டினும், இது இலங்கை மலாயர்வழி வந்த பண்டமென்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை என்பவற்றைக் கலந்து ஆவியில் அவிக்கும் இம்முறை, கீழைத்தீவுகளின் 'ஸ்ரீகாயா'வை ஒத்தது. இன்று முஸ்லிம் இல்லங்களின் பெருநாள் விருந்தில் இதற்குத் தனியிடமுண்டு.

இவை வந்த வழி யாது? ஒல்லாந்தர் 1602இல் மட்டக்களப்பிற் கரையிறங்கினர். 1638இல் கண்டியரசன் இரண்டாம் இராசசிங்கனோடு கூடிப் போர்த்துக்கேயரிடமிருந்து புளியந்தீவுக் கோட்டையைக் கைப்பற்றினர். அவர்தம் கீழைத்தேயத் தலைநகரோ யாவாவிலிருந்த பத்தாவியா. அங்கிருந்து போர்வீரரும் அடிமைகளும் நாடுகடத்தப்பட்டோரும் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். 1708இல் யாவாவின் மன்னன் மூன்றாம் அமங்குராத்தும் இவ்வாறே இங்கு அனுப்பப்பட்டான். கொழும்பு, அம்பாந்தோட்டை முதலிய இடங்களில் நிலைகொண்ட மலாயரின் உணவு, மார்க்க ஒருமையாலும் மணவுறவாலும் ஏனைய முஸ்லிம்களின் அடுப்படிகளுக்குப் பரவியதெனக் கருதுதல் பொருந்தும்.

வட்டலப்பத்தில் மணக்கும் சாதிக்காயின் கதை இன்னுங் கொடியது. அதன் தாயகம் பண்டாத் தீவுகள். சாதிக்காய் வணிகத்தைத் தனியுரிமையாக்கும் பொருட்டு 1621இல் ஒல்லாந்தக் கம்பெனி அத்தீவுகளின் மக்களைக் கொன்றும் சிறைபிடித்தும் ஏறத்தாழ முற்றாக அழித்தது. பின்னர் அடிமை உழைப்பைக் கொண்டு தோட்டங்களை நடத்தியது. பண்பாட்டுப் பரிமாற்றம் எனும் இனிய தொடரின் பின்னே இத்தகைய வன்முறையும் நிற்பது மனங்கொள்ளத்தக்கது.

எனினும் இது ஒருவழிப் பயணமன்று. கறி, தயிர், புட்டு ஆகிய தமிழ்ச் சொற்கள் மலாய் மொழியிற் 'காரி', 'தைரு', 'புத்து' என வழங்குகின்றன. கம்பெனிகள் தோன்றுமுன்னரே வங்கக் கடலின் இரு கரைகளையும் வணிகம் இணைத்திருந்தது. இன்று இரு கரையினரும் தம் மரபெனக் கொள்ளும் மிளகாயோ, அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஐரோப்பியர் வருகையின் பின் வந்தது.

எனவே, கலப்பற்ற தூய உணவு மரபு எனவொன்றை வரலாறு காட்டவில்லை. வாவிக்கரையின் இரு சமூகங்களும் 1980களிலிருந்து பெரும் இழப்புகளைச் சந்தித்துள்ளன. அவற்றினிடையே வேலிகளும் உயர்ந்தன. அவ்வாறிருக்க, பண்டங்களையும் 'எமது', 'அவரது' எனப் பங்கிடுவது அறிவுடைமையாகாது. தொதற் தாச்சியைக் கிண்டிய கைகள் பல; அவற்றுட் பெரும்பாலானவை பெயரறியாப் பெண்களினதும் அடிமைகளினதும் கைகள். நாம் அறிந்து போற்றவேண்டிய மரபு அவ்வுழைப்பே.