மனநோய்: மருந்தா, மன்றாட்டா?

இராஜபாளையத்திலிருந்தும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தும் புளியம்பட்டி, உவரி ஆகிய புனித அந்தோனியார் திருத்தலங்களுக்கு நேர்ச்சைப் பயணம் செல்லும் குடும்பங்கள் பல. பிள்ளைப் பேறு வேண்டியும், கடன் தீரவும் செல்வோர் நடுவே, மனம் பேதலித்த மகனையோ மகளையோ கைப்பிடித்து அழைத்துச் செல்லும் பெற்றோரும் உளர். "நேர்ச்சைக்குப் போகிறோம்" என்று மட்டுமே அவர்கள் ஊராரிடம் சொல்வர். உண்மைக் காரணத்தை அடுத்த வீடும் அறியாது. திரும்பி வந்த பின்னரும் அவர்கள் உள்ளத்தை விட்டகலாத கேள்வி ஒன்று உண்டு: "டாக்டர் ஒன்று சொல்கிறார், ஊர் ஒன்று சொல்கிறது. மருந்தா, மன்றாட்டா? நாங்கள் யாரைக் கேட்பது?"

இக்கேள்வியை அறியாமை என்று தள்ளிவிட இயலாது. மனநோய்க்குச் சிகிச்சை யாது என்பதில் மருத்துவ உலகிலேயே நீண்ட வாதங்கள் நடந்துள்ளன. அவற்றைச் சிறிது அறிந்துகொள்வது நம் குடும்பங்களுக்குப் பயன் தரும்.

மருத்துவர்களின் வாதம்

மூளையின் இயக்கத்தில் ஏற்படும் கோளாறே மனநோய். அதற்கு மருந்தே தேவை என்பது ஒரு கட்சி. 1952ஆம் ஆண்டு பாரிஸ் நகரில் டிலே, டெனிக்கர் என்னும் மருத்துவர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்ட பலன் இக்கட்சிக்குப் பெருவலிமை தந்தது. கம்பிக் கதவுகளுக்குள் அடைபட்டிருந்த எத்தனையோ பேர் இல்லம் திரும்ப இத்தகைய மருந்துகள் வழி திறந்தன. நம் நாட்டிலும் சர்ப்பகந்தி வேர் மனநோய்க்கு உதவுமென்று கணநாத் சேனும் கார்த்திக் சந்திர போஸும் 1931இலேயே எழுதினர்.

மனத்தில் புதைந்த துயரை வெளியே கொணர்ந்து பேசித் தீர்க்க வேண்டும் என்பது மற்றொரு கட்சி. வியன்னாவின் ஃப்ராய்டு வகுத்த இம்முறைக்கு 1922இலேயே கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் ஒரு சங்கம் நிறுவினார். ஆனால் மேனாட்டு முறை நமக்கு அப்படியே பொருந்துமா? நம்மவர் மருத்துவரை அந்நியராகக் காண்பதில்லை. வழிகாட்டும் பெரியவராகவே காண்கின்றனர். எனவே குரு சீட உறவே நமக்கேற்ற முன்மாதிரியாகலாம் என்று மனநல மருத்துவர் நேகி 1973இல் எழுதினார்.

மூன்றாவது கட்சி சமூகத்தை நோக்குகிறது. 1961இல் தாமஸ் சாஸ் என்ற அமெரிக்க மருத்துவர், மனநோய் என்பதே ஒரு கற்பிதம் என்று நூல் எழுதிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பினார். இத்தாலியில் பசாலியா என்பவரின் முயற்சியால் மனநோய் விடுதிகளைப் படிப்படியாக மூடும் சட்டம் 1978இல் பிறந்தது. விடுதலை நன்றே, ஆயின் வெளியே வந்தவரைத் தாங்க யார் இருக்கிறார் என்ற வினாவும் உடன் எழுந்தது.

இதற்கு நம் நாடு முன்னரே ஒரு விடை கண்டிருந்தது. 1950களில் அமிர்தசரஸில் டாக்டர் வித்யா சாகர், நோயாளியோடு உறவினரையும் மருத்துவமனை வளாகத்தில் கூடாரமிட்டுத் தங்கச் செய்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் குடும்பத்தாரை உடன் வைத்தே சிகிச்சை செய்யும் முறையை வளர்த்தது. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளராக 1961 முதல் பணியாற்றிய டாக்டர் சாரதா மேனன், 1984இல் சென்னையில் மனச்சிதைவு நோய்க்கென ஓர் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கி, நோயாளி மீண்டும் ஒரு தொழில் செய்து வாழவும் வழி தேடினார்.

இன்று மருத்துவர் பலரும் மூன்று கட்சிகளிலும் உள்ள உண்மையை ஏற்கின்றனர். மனச்சிதைவு போன்ற கடும் நோய்க்கு மருந்து இன்றியமையாதது. இலேசான மனச்சோர்வுக்கு முறையான உரையாடலே போதுமானதாகலாம். எந்த நோய்க்கும் குடும்பத்தின் ஆதரவு வேண்டும்.

திருத்தலங்களில் நடப்பது என்ன?

தமிழகத்தில் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் ஊரில், மனநோயாளிகள் வந்து தங்கும் ஒரு கோயிலை மருத்துவர் இரகுராமும் அவர்தம் குழுவினரும் ஆராய்ந்து 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினர். அங்கு 31 பேர் சராசரியாக ஆறு வாரம் தங்கினர். மருந்து இல்லை, தனிச் சடங்கும் இல்லை. எனினும் அவர்கள் நோயின் கடுமை ஏறக்குறைய 20 சதவிகிதம் குறைந்திருந்தது. அச்சுறுத்தாத, ஆதரவான ஒரு புகலிடம் கிடைத்ததே காரணமாகலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

அதற்கு முந்திய ஆண்டு நடந்ததையும் நாம் மறத்தலாகாது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநோய் விடுதி ஒன்றின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் சிக்கினர். 28 பேர் மாண்டனர். அவர்களும் யாரோ பெற்ற மக்கள்; ஏதோ ஒரு நம்பிக்கையில் அங்குக் கொணர்ந்து விடப்பட்டவர்கள்.

இவ்விரு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்து நோக்குவோம். ஓரிடத்தில் இருந்தது ஆதரவு. மற்றோரிடத்தில் இருந்தது சங்கிலி. மன்றாட்டு எவரையும் கொல்லவில்லை, கைவிடுதலே கொன்றது. பின்னாளில் ஏர்வாடி தர்காவின் அருகிலேயே அரசு மனநல மருத்துவர்கள், மருந்தும் மன்றாட்டும் எனப் பொருள்படும் 'தவா-துவா' என்னும் திட்டத்தை நடத்தலாயினர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியை எவ்வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்துள்ளது.

திருச்சபை கூறுவது

மருத்துவரை மதிக்க வேண்டும், அவரும் இறைவனின் படைப்பே என்பது சீராக் ஆகமம் தரும் போதனை. பேய் ஓட்டுதல் வேறு, மனநோய் வேறு. நோயைக் குணப்படுத்துவது மருத்துவ அறிவியலின் பணி என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் தெளிவாக உரைக்கிறது. 1999இல் வெளியான பேயோட்டும் சடங்கு நூலும், நோயாளியைப் பேய் பிடித்தவராகக் கருதிவிடாதபடி எச்சரிக்கிறது.

மருத்துவமனைகளின் பாதுகாவலரான இறை யோவானே மனம் பேதலித்தவர் என எண்ணப்பட்டு, கிரனடா நகர மருத்துவமனையில் அடைக்கப்பட்டு, சிகிச்சை என்ற பெயரில் அடிபட்டவர். வெளியே வந்த பின்னர் அவர், நோயாளியை அன்போடு நடத்தும் ஓர் இல்லத்தைத் தொடங்கினார்.

தற்கொலை செய்துகொண்டவருக்கு அடக்கச் சடங்கை மறுத்த பழைய விதி 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தில் இல்லை. கடுமையான மனக்கோளாறு அவர்தம் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும் மறைக்கல்வி நூல் போதிக்கிறது. அப்படி ஒரு பிள்ளையை இழந்த வீட்டில் நாம் செய்ய வேண்டியது ஆறுதல், தீர்ப்பு அன்று.

நம் இல்லங்களில்

மில்லுக்கு ஒழுங்காக வேலைக்குச் சென்ற மகன் திடீரென வீட்டுக்குள்ளேயே அடைந்துகிடந்தால், ஆளில்லா இடத்தில் பேசினால், பல இரவுகள் உறங்காதிருந்தால், காலந் தாழ்த்தாது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்க. நேர்ச்சைப் பயணமும் செல்க. மாத்திரையையும் உடன் எடுத்துச் செல்க. "நேர்ச்சை முடிந்தது, இனி மாத்திரை எதற்கு?" என்று நிறுத்தினால் நோய் திரும்பக்கூடும். கை நடுக்கம், உடல் பருத்தல் போன்ற தொல்லைகள் மெய்யானவை. அவற்றை மருத்துவரிடம் கூறினால் அளவையோ மருந்தையோ மாற்றித் தருவார்.

"கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும்" என்னும் பேச்சுக்குச் செவிசாய்க்க வேண்டாம். நோயை மறைத்து மணம் முடிப்பது மற்றொரு வீட்டுப் பிள்ளைக்கு இழைக்கும் அநீதி. அத்தகைய ஏமாற்று அத்திருமணத்தையே செல்லாததாக்கவும் கூடும். எங்குச் செல்வதென்று அறியாதவர்கள் 14416 என்னும் இலவசத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

ஏர்வாடி எரிந்த நாள் ஆண்டவரின் தோற்றமாற்றத் திருவிழா. அம்மலையிலிருந்து இறங்கிய இயேசு கண்ட காட்சியை மாற்கு எழுதியுள்ளார். நெருப்பிலும் நீரிலும் விழும் மகனோடு ஒரு தந்தை நிற்கிறார். மறைநூல் அறிஞரோ சீடரோடு வாதாடிக்கொண்டிருக்கின்றனர். ஆண்டவர் அந்த வாதத்தில் சேரவில்லை. எவ்வளவு காலமாக இப்படி என்று தந்தையிடம் விசாரித்தார். அவர் சொன்னதை முழுவதும் கேட்டார். முடிவில் பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

நம் பங்கிலும் அத்தகைய தந்தையர் உளர்; ஞாயிறு பூசையில் கடைசி வரிசையில் நின்று, முடிந்தவுடன் ஒருவரோடும் பேசாமல் புறப்பட்டுவிடுகின்றனர். அவர்களை நிறுத்தி, பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நாம் கேட்போமாக.