மலிவு விலை டிவிடி பிளேயர்: வாங்கும் முன் ஐந்து டிஸ்க்குடன் கடைக்குப் போங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "வீட்டில் நூறு சிடி, டிவிடி கிடக்கிறது. புது லேப்டாப்பில் டிஸ்க் போட இடமே இல்லையே! இவற்றை இனி எதில் பார்ப்பது?"

கேள்வி நியாயமானதுதான். கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீடுகளின் அலமாரியில் ஒரு டிஸ்க் மூட்டை இருக்கிறது. தமிழ்ப் படம், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்த மலையாளப் படம், வளைகுடாவிலிருந்து உறவினர் கொண்டு வந்த படம், கோயில் கொடை வில்லுப்பாட்டு, கல்யாண வீட்டு வீடியோ என்று எல்லாம் கலந்து கிடக்கும். 2007-இல் மோசர் பேயர் நிறுவனம் வீசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியபோது இந்த மூட்டை இன்னும் பெருத்தது. 2018-இல் அந்த நிறுவனத்தைக் கலைக்க உத்தரவாயிற்று. டிஸ்க்குகள் நம் வீட்டில் இருக்கின்றன.

இவற்றை ஓட்ட குறைந்த விலையில் என்ன பிளேயர் வாங்கலாம்? நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் சில கடைகளில் ஏறி இறங்கி, நான்கு வகைப் பிளேயர்களைப் போட்டுப் பார்த்தேன். பெயர் தெரிந்த கம்பெனியின் புது பிளேயர் ஒன்று, பெயரில்லாத மலிவு பிளேயர் ஒன்று, பழையது ஒன்று, ஸ்பீக்கர்களுடன் கூடிய ஹோம் தியேட்டர் செட் ஒன்று. அதில் தெரிந்துகொண்டவற்றை இங்கே தருகிறேன்.

முதலில் உங்கள் டிஸ்க்குகளைப் பிரியுங்கள்

பார்க்க எல்லா டிஸ்க்கும் ஒன்று போலத்தான் இருக்கும். உள்ளே சரக்கு வேறு. ஆடியோ சிடியில் 74 முதல் 80 நிமிடம் வரை பாட்டு இருக்கும். எம்பி3 சிடியில் சாதாரணத் தரத்தில் சுமார் 12 மணி நேரப் பாட்டு அடங்கும். வீசிடியின் படம் 352க்கு 288 புள்ளிகள் கொண்டது. ஆகவேதான் பெரிய டிவியில் கலங்கலாகத் தெரிகிறது. ஒரு சினிமாவுக்கு இரண்டு, மூன்று டிஸ்க் வேண்டியிருக்கிறது. டிவிடியின் படம் 720க்கு 576 புள்ளிகள் கொண்டது. ஒரு அடுக்கு டிவிடியில் 4.7 ஜிபியும் இரண்டு அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபியும் இடம் உண்டு. ப்ளூரே டிஸ்க்கில் 25 அல்லது 50 ஜிபி.

உங்கள் மூட்டையில் ப்ளூரே டிஸ்க் ஒன்றுகூட இல்லையென்றால் ப்ளூரே பிளேயருக்குக் காசு செலவழிக்க வேண்டாம். தமிழில் ப்ளூரேயாக வந்த படங்கள் குறைவு. அந்தப் பிளேயர்களைத் தயாரிப்பவர்களும் குறைந்து வருகிறார்கள். ஓப்போ டிஜிட்டல் 2018-இல் நிறுத்திக்கொண்டது. அமெரிக்கச் சந்தைக்குப் புது மாடல் கிடையாது என்று 2019-இல் சாம்சங் அறிவித்தது.

இன்னொரு பிரிவும் முக்கியம். கம்பெனி அச்சிட்ட டிஸ்க்கில் தகவல்கள் சிறு சிறு குழிகளாக அச்சில் வார்க்கப்பட்டிருக்கும். ஸ்டூடியோக்காரரோ நீங்களோ எழுதிய டிஸ்க்கில் ஒரு சாயப் பூச்சின் மேல் லேசர் ஒளி அந்த அடையாளங்களைப் போட்டிருக்கும். வெயில், சூடு, ஈரம் மூன்றுமே இந்தச் சாயத்துக்கு எதிரி. பிளேயருக்கு உண்மையான பரீட்சை வைப்பது இந்த எழுதப்பட்ட டிஸ்க்குகள்தான்.

ஐந்து டிஸ்க் சோதனை

கடையில் ஓட்டிக் காட்டும் டிஸ்க் எப்போதும் பளபளவென்று இருக்கும். அது எந்தப் பிளேயரிலும் ஓடும்! நீங்கள் வீட்டிலிருந்து இந்த ஐந்தையும் எடுத்துச் செல்லுங்கள்.

1. நன்றாக இருக்கும் ஓர் ஆடியோ சிடி.
2. கொஞ்சம் கீறல் விழுந்த வீசிடி.
3. வீட்டிலோ ஸ்டூடியோவிலோ எழுதப்பட்ட டிஸ்க்.
4. இரண்டு அடுக்குள்ள, நீளமான படத்தின் டிவிடி.
5. வெளிநாட்டில் வாங்கிய டிவிடி.

சிடி ரக டிஸ்க்கைப் படிக்கும் லேசர் வேறு (780 நானோமீட்டர்), டிவிடியைப் படிக்கும் லேசர் வேறு (650 நானோமீட்டர்). டிவிடி அருமையாக ஓடும் பிளேயரில் வீசிடி திணறுவது இதனால் நடக்கலாம். ஆகவே இரண்டையும் போட்டுப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் ஓடியதும் எடுத்துவிட வேண்டாம். ஒரு அடுக்கு டிஸ்க் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கிப் படிக்கப்படுவதால், அதில் கடைசிக் காட்சிக்குத் தாவச் சொல்லுங்கள். பல தகராறுகள் ஓரத்தில்தான் தெரியும். இரண்டு அடுக்கு டிவிடியில் நடுவே அடுக்கு மாறும் இடத்தில் படம் ஒரு கணம் நிற்பது இயல்பு. அங்கேயே நின்றுவிட்டால் அந்தப் பிளேயர் வேண்டாம்.

ஐந்தாவது டிஸ்க் எதற்கு? டிவிடிக்கு ரீஜன் கோடு உண்டு. இந்தியா 5, வளைகுடா நாடுகள் 2, அமெரிக்கா 1. எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் என்றால் அங்கேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் டிரைவில் ரீஜன் மாற்றவா என்று கேட்டால் அவசரப்பட்டுச் சரி சொல்லாதீர்கள். பொதுவாக ஐந்து முறைதான் மாற்ற முடியும். பிறகு கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

நான் பார்த்த நான்கில், பெயர் தெரிந்த கம்பெனியின் பிளேயர் ஐந்து டிஸ்க்கையும் தடையில்லாமல் ஓட்டியது. பெயரில்லாத மலிவு பிளேயர் டிவிடியை நன்றாகவே காட்டியது. எழுதப்பட்ட வீசிடியில் சிக்கிக்கொண்டது. ஆச்சரியம் என்னவென்றால், பழைய பிளேயர் அதே வீசிடியை முழுக்க ஓட்டிவிட்டது. ஆனால் அதற்கு இரண்டு அடுக்கு டிவிடி பிடிக்கவில்லை. ஹோம் தியேட்டர் செட் எல்லாவற்றையும் ஓட்டியது. விலைதான் இரண்டு மடங்குக்கும் மேல்.

"ஸ்க்ராட்ச் ஆனாலும் ஓடும் சார்" என்று கடைக்காரர் சொல்வார். சிடியில் பிழை திருத்தும் வசதி இயல்பாகவே உண்டு. பாதையின் திசையில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் வரை தகவல் போனாலும் கணக்குப் போட்டு மீட்டுவிடும். அதற்கு மேல் எந்தப் பிளேயரும் மந்திரம் செய்யாது.

படம்: வாங்கும் முன் டிவியின் முதுகைப் பாருங்கள்

பழைய பிளேயர்களில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயர்கள்தான். புது டிவிகள் பலவற்றில் இந்த மூன்று துளைகள் இல்லை, அல்லது ஒரே சிறு துளைக்கு அடாப்டர் வேண்டும். ஆகவே உங்கள் டிவியின் பின்புறத்தை போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குச் செல்லுங்கள். எச்டிஎம்ஐ இருந்தால் ஒரே ஒயரில் படமும் ஒலியும் போய்விடும்.

அட்டைப் பெட்டியில் "1080 அப்ஸ்கேலிங்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். டிஸ்க்கில் உள்ள புள்ளிகளைப் பெரிய திரைக்கு நிரவிக் கொடுப்பதே அது. டிஸ்க்கில் இல்லாத விவரம் அதில் புதிதாக வராது. உங்கள் டிவியே இந்த வேலையைச் செய்யும். இதற்காகக் கூடுதல் விலை தர வேண்டியதில்லை.

ஒலி: வில்லுப்பாட்டு போட்டுக் கேளுங்கள்

ஒலியைச் சோதிக்க நான் எடுத்துச் சென்றது வில்லுப்பாட்டு சிடி. வில்லில் கட்டிய மணிகளின் ஒலி மேல் சுருதி. குடத்தின் ஒலி அடி சுருதி. நடுவில் பாடுகிறவர் குரல். மூன்றும் தனித்தனியாகக் கேட்டால் ஒலி சரி. மணி ஓசை கரகரத்தாலோ குடம் அடங்கிப் போனாலோ பிளேயர் சரியில்லை, அல்லது ஸ்பீக்கர் சரியில்லை. வேறு ஸ்பீக்கரில் இணைத்துப் பார்த்தால் எதில் குறை என்று தெரிந்துவிடும். பாட்டு நிற்கும் இடத்தில் "உம்" என்ற இரைச்சல் வருகிறதா என்றும் கவனியுங்கள்.

மலிவு பிளேயர்கள் பலவற்றில் பாட்டு எண் காட்டும் சிறு திரை இருக்காது. பாட்டு மாற்ற டிவியையும் போட வேண்டும். பாட்டுக் கேட்பதற்காகவே வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பாருங்கள்.

ஹோம் தியேட்டர் பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட்ஸ் போட்டு, பக்கத்தில் "பிஎம்பிஓ" என்று இருந்தால் அந்த எண்ணை மறந்துவிடுங்கள். அதற்கு ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுமுறை கிடையாது. "ஆர்எம்எஸ்" வாட்ஸ் எவ்வளவு என்று கேளுங்கள். சாதாரண அறைக்கு 20, 30 ஆர்எம்எஸ் வாட்ஸே தாராளம். உங்களிடம் கம்ப்யூட்டருக்கு வாங்கிய 2.1 ஸ்பீக்கர் இருந்தால் செலவே இல்லை. பிளேயரின் சிவப்பு, வெள்ளைத் துளைகளிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு மாற்று ஒயர் போதும்.

யூஎஸ்பி துளை எவ்வளவு உதவும்?

ஓரளவுக்குத்தான். எம்பி3 பாட்டும் பழைய டிவ்எக்ஸ் ரகப் படங்களும் ஓடும். இன்றைய போனில் எடுத்த வீடியோவையோ எச்டி படத்தையோ மலிவு டிவிடி பிளேயர்கள் பெரும்பாலும் திறக்காது. பென் டிரைவை ஃபேட்32 முறையில் பார்மட் செய்திட வேண்டும். அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே பைலை வைக்க முடியாது.

கல்யாண டிஸ்க்கை முதலில் காப்பி செய்யுங்கள்

எந்தப் பிளேயர் வாங்கினாலும் அதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. பழைய பிளேயரில் ஓடிய அந்த வீசிடி எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுடையது. 2006-இல் நடந்த அவர் கல்யாணம். "இதுல அப்பா பேசுகாரு மக்கா. அது மட்டும் கேட்டா போதும்" என்று தந்திருந்தார். அப்பா இப்போது இல்லை. அவர் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. கடையில் அது ஓடியதைப் பார்த்ததும் பிளேயர் விசாரணையை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து காப்பி செய்தேன். சினிமா போனால் வேறு வழியில் பார்த்துக்கொள்ளலாம். இது போனால் போனதுதான்.

வேலை எளிது. யூஎஸ்பியில் செருகும் வெளி டிவிடி டிரைவ் ஒன்று வாங்குங்கள், அல்லது டிரைவ் உள்ள நண்பரின் கம்ப்யூட்டரைக் கேளுங்கள். வீசிடியைப் போட்டு "எம்பெக்ஏவி" என்ற போல்டரைத் திறந்தால் டி.ஏ.டி. என்ற எழுத்துகளில் முடியும் பெரிய பைல்கள் இருக்கும். அவற்றை அப்படியே காப்பி செய்திடுங்கள். வீட்டு டிவிடி என்றால் "வீடியோ டிஎஸ்" என்ற போல்டரை முழுதாகக் காப்பி செய்திடுங்கள். விண்டோஸ் 8 முதல் டிவிடி ஓட்டும் வசதி விண்டோஸுடன் சேர்ந்து வருவதில்லை. இலவசமாகக் கிடைக்கும் விஎல்சி பிளேயரை இறக்கிக்கொண்டால் இரண்டும் ஓடும்.

காப்பி பாதியில் நின்றால் பதற வேண்டாம். மெல்லிய துணியால் நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைக்கக் கூடாது. பிறகும் நின்றால் வேறு டிரைவில் போட்டுப் பாருங்கள். ஒரு டிரைவ் கைவிட்டதை இன்னொன்று படிக்கக் கூடும். அக்காவின் டிஸ்க் என் டிரைவில் இருபதாவது நிமிடத்தில் நின்றது. "அன்ஸ்டாப்பபிள் காப்பியர்" என்ற இலவச புரோகிராம் படிக்க முடியாத இடங்களைத் தாண்டி மீதியை எடுத்துத் தந்தது. நடுவில் சில விநாடிகள் கட்டம் கட்டமாக உடைந்தன. அப்பா மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றுப் பேசும் இடம் முழுதாக இருக்கிறது. அதை ஹார்ட் டிஸ்க்கில் ஒன்றும் பென் டிரைவில் ஒன்றுமாக வைத்து, இன்னொரு பிரதியை வெளியூரில் இருக்கும் அவர் தம்பிக்கும் அனுப்பிவிட்டோம்.

நம் ஊர் ஈரமும் உப்புக் காற்றும்

நம் மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் உண்டு. குளச்சல், முட்டம், மணக்குடி போன்ற கரையோர ஊர்களில் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். டிஸ்க்கை உறையில் போட்டு, இறுக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் நிறுத்தி வையுங்கள். சிடியில் தகவல் இருப்பது எழுத்து அச்சிட்ட மேல் பக்கத்துக்கு அடியில். ஆகவே மேல் பக்கத்தில் விழும் கீறல்தான் ஆபத்து. பால் பாயிண்ட் பேனாவால் எழுதுவதும் ஸ்டிக்கர் ஒட்டுவதும் வேண்டாம்.

பிளேயரை வாரம் ஒருமுறையாவது ஓட்டுங்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். மெக்கானிக் "லென்ஸ் போச்சு" என்றால் லேசரும் லென்ஸும் சேர்ந்த பிக்கப் யூனிட்டை மாற்றச் சொல்கிறார் என்று பொருள். அதற்கு முன் லென்ஸை ஒருமுறை துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல நேரம் அதிலேயே சரியாகிவிடும்.

எதை வாங்கலாம்?

படமும் பாட்டும் இரண்டும் வேண்டும் என்பவர்கள் எச்டிஎம்ஐ உள்ள, சர்வீஸ் கிடைக்கும் கம்பெனியின் சாதாரண டிவிடி பிளேயரை வாங்கலாம். ஐந்து டிஸ்க்கும் ஓடினால் மற்ற வசதிகளுக்கு அலைய வேண்டாம். டிவிடி மட்டுமே வைத்திருப்பவர்களுக்கு மலிவு பிளேயரே போதும். பத்துப் பதினைந்து டிஸ்க்தான் இருக்கிறது என்பவர்களுக்குப் பிளேயரே தேவையில்லை. வெளி டிரைவ் ஒன்றை வாங்கிக் கம்ப்யூட்டரிலேயே பார்த்துக்கொள்ளலாம். பழைய பிளேயர் வாங்குவதானால் கடையில் அரை மணி நேரமாவது தொடர்ந்து ஓடவிட்டுப் பாருங்கள். சூடானதும் நின்றுபோகும் பிளேயர்கள் உண்டு.

இந்த ஞாயிற்றுக்கிழமை டிஸ்க் மூட்டையை அவிழ்த்து, வீட்டில் எடுத்த டிஸ்க்குகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். கடைக்கு அடுத்த வாரம் போகலாம்.