கைக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியாது… தெரியுமா?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரிந்திருக்கும். அந்தச் சிற்பத்தைச் செதுக்கும்போது, யோசிக்கும் மூளை பெரும்பாலும் ஓய்வில் இருக்கிறது என்பது தெரியுமா?

சின்னசேலம் பக்கம் ஒரு பட்டறையில் போய் நின்று பாருங்கள். வாகைப் பலகையில் உளியை வைத்துக் கொட்டாப்புளியால் தட்டியபடியே, வந்தவரிடம் விலை பேசிக்கொண்டிருப்பார் ஆசாரி. பேச்சு எங்கே போனாலும் உளி மட்டும் கொடியின் வளைவை விட்டு இம்மியும் விலகாது! தொழில் பழகும் பையனுக்கு அப்படியில்லை. உளியின் சாய்வு எவ்வளவு, மர ரேகை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று ஒவ்வொரு தட்டுக்கும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை மல்லுக்கட்டும். தட்டித் தட்டிப் பழகியபின், வேலை மூளையின் ஆழத்தில் இருக்கும் ‘பேசல் காங்கிலியா’வின் கைக்குப் போய்விடும்.

அங்கே என்னதான் நடக்கிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆன் கிரேபியல் குழு எலிகளை ஒரு தடத்தில் ஓடவிட்டுப் பார்த்தது. புதிதாக ஓடியபோது அந்தப் பகுதியின் செல்கள் வழிநெடுகத் துடித்தன. பழகிய பிறகு? தொடக்கத்தில் ஒரு துடிப்பு, முடிவில் ஒரு துடிப்பு, நடுவே பெரும்பாலும் அமைதி! ஓட்டம் முழுவதையும் ஒரே கட்டாகக் கட்டி வைத்துவிட்டது மூளை. வெள்ளிமலைக்குப் பேருந்து ஓட்டுபவர் கொண்டை ஊசி வளைவில் பேசிக்கொண்டே ஸ்டியரிங்கை ஒடிப்பதும் இந்த வித்தைதான். (பேசாமல் ஓட்டினால் நமக்கு நிம்மதி!)

இன்னொரு அதிசயம். 1953-ல் மூளை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஹென்றி மொலெய்சன் என்பவருக்குப் புதிய நினைவே தங்கவில்லை. கண்ணாடியில் பார்த்தபடி நட்சத்திரம் வரையச் சொன்னார் அவரை ஆராய்ந்த பிரெண்டா மில்னர். நாளுக்கு நாள் கோடு திருந்தியது. ஆனால் ஒவ்வொரு நாளும், இதை முன்பு செய்த ஞாபகமே அவருக்கு இல்லை!

21 நாளில் பழக்கம் படியும் என்பார்களே, நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி குழு 2010-ல் வெளியிட்ட ஆய்வில் சராசரி 66 நாள். ஒருவருக்கு 18 நாளே போதும், இன்னொருவருக்கு 254 நாள் என்றது கணக்கு. நம் ஊர் மண்டலக் கணக்கான 48 நாள், 21-ஐ விட உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது!

ஆனால் நல்ல பழக்கம், கெட்ட பழக்கம் என்று பேசல் காங்கிலியா பிரித்துப் பார்ப்பதில்லை. கல்வராயன் மலையில் சாராய ஊறலைக் கொட்டி அழித்த செய்தி கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குப் புதிதல்ல. 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. ‘ஆபத்து என்று தெரிந்தும் ஏன் குடித்தார்கள்?’ என்று ஊரெல்லாம் கேட்டார்கள். விஷம் விற்றவர்களை விட்டுவிட்டுச் செத்தவர்களைக் கேட்ட கேள்வி அது. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸின் குரங்கு ஆய்வுகள் வேறொன்றைக் காட்டின. முதலில் பழச்சாறு நாக்கில் பட்டதும் பொங்கிய மூளை வேதிப்பொருளான டோபமைன், பழகிய பிறகு சாறு வருவதற்கான அடையாளம் தெரிந்ததுமே பொங்கியது! குடிப்பவருக்கு அந்த அடையாளம் சாயங்கால வேளையாக இருக்கலாம், தெருமுனையாக இருக்கலாம், கூட்டாளியின் முகமாகவும் இருக்கலாம்.

வியட்நாமில் ஹெராயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களை 1971 முதல் ஆராய்ந்தார் லீ ராபின்ஸ். ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமையானவர்கள் 100-க்குச் சுமார் 5 பேர்தான்! இடமும் ஆட்களும் மாறியது அதற்கு ஒரு முக்கியக் காரணம் என்கிறார்கள். அதனால், மறுவாழ்வு மையத்திலிருந்து வரும் அண்ணனையோ மாமனையோ பழைய தெருமுனைக்கே விட்டுவிட்டு, ‘மனவுறுதி இல்லாத ஆள்’ என்று ஏசாதீர்கள். அந்தச் சாயங்கால நேரத்துக்கு அவருக்கு வேறு வேலையும் வேறு துணையும் தேடிக்கொடுங்கள்.