அடைத்த பல்லிலும் சொத்தை வரும்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டு ஜவுளிக் கடைகளில் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை பார்ப்பவர்களுக்கு டீதான் தெம்பு. துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிக்கொண்டு எண்ணூர் சாலையில் வரிசையில் காத்துக் கிடக்கும் லாரி ஓட்டுநர்களுக்கும் அப்படித்தான். நாளெல்லாம் சர்க்கரை படும் வாயில் ‘சிமெண்ட் வைத்த’ பல் ஒன்று இருந்துவிட்டால், அந்தப் பல்லைப் பற்றி இனிக் கவலையில்லை என்று நினைத்துவிடுகிறோம். ஆனால், ஃபில்லிங்கை எடுத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டி வருவதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்று, அதன் ஓரத்திலேயே திரும்ப விழும் சொத்தைதான்.

ஒட்டும் இடம்

சொத்தைக்குக் காரணமான கிருமிகளில் பேர்போனது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ். 1924இல் கிளார்க் என்ற ஆய்வாளர் இதை இனம்கண்டு எழுதினார். சர்க்கரையை அமிலமாக்குவதோடு, அதே சர்க்கரையிலிருந்து பசையும் தயாரித்துப் பல்லில் ஒட்டிக்கொள்ளும். பி.எச். அளவு சுமார் 5.5க்குக் கீழே போனால் எனாமல் கரையத் தொடங்குகிறது.

பல் நிற ஃபில்லிங்கான காம்போசிட், ஒளிபட்டு இறுகும்போது சற்றே சுருங்கும். அதனால் ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழலாம். பிரஷ்ஷின் நார் அங்கே நுழையாது, கிருமி நுழைந்துவிடும். போதாததற்கு, மியூட்டன்ஸ் சுரக்கும் நொதிகள் காம்போசிட்டின் பிசினையே மெல்லச் சிதைக்கும் என்று டொரண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்ட் ஃப்ளோரைடை விட்டுக்கொண்டே இருக்கும். பேஸ்ட்டிலிருந்து திரும்ப உறிஞ்சியும் கொள்ளும். ஆனால் கடிக்கும் அழுத்தத்தில் சீக்கிரம் தேயும்.

மெருகு

நீல ஒளி காட்டிய பிறகும் காம்போசிட்டின் மேல்தோல் பிசுபிசுப்பாகவே இருக்கும்; காற்றிலுள்ள ஆக்சிஜன் அதை முழுசாக இறுக விடாது. அந்தப் படலத்தைத் தேய்த்து எடுத்து, சொரசொரப்பான வட்டில் தொடங்கி மிக நைசான வட்டுவரை மாற்றி மாற்றி மெருகேற்ற வேண்டும். மேற்பரப்பின் மேடுபள்ளம் சராசரியாக 0.2 மைக்ரானைத் தாண்டினால் அழுக்குப் படலம் கூடுதலாகச் சேரும். இந்த வேலையை அவசரப்படுத்தக் கூடாது. உட்கார்ந்திருப்பவரும் பொறுமையாக இருக்க வேண்டும். நாக்குக்குச் சொரசொரப்பு தட்டினாலோ, பல்லிடுக்கில் விடும் ஃப்ளாஸ் நூல் அங்கே பிய்ந்தாலோ மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

எத்தனை டீ?

இனிப்பு உள்ளே போன சில நிமிடங்களில் வாயில் அமிலம் ஏறும். பழைய நிலைக்கு வர அரை மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். ஆகவே எவ்வளவு சர்க்கரை என்பதைப் போலவே எத்தனை தடவை என்பதும் கணக்கு. ஒரு டம்ளர் டீயை மணிக்கணக்கில் உறிஞ்சாமல் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தண்ணீரால் வாய் கொப்பளித்தாலே பெரிய லாபம். கூடவே ஒரு பன் என்றால், அது பல்லிடுக்கில் ஒட்டித் தங்கும்.

இரவில் படுக்கும் முன் ஃப்ளோரைடு பேஸ்ட்டால் துலக்குவதை விடவே கூடாது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடுகிறது. நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர்விட்டு அலச வேண்டாம். செங்கல் தூளும் கரித்தூளும் ஃபில்லிங்கைக் கீறிச் சொரசொரப்பாக்கும். மாவா இன்னும் மோசம்: அதிலுள்ள பாக்கு பல்லையும் ஃபில்லிங்கையும் தேய்க்கும், வாய்ப்புற்றுநோய்க்கும் வழிவிடும்.

ஓரம் கறுத்தால்

கறை எல்லாம் சொத்தை அல்ல. டீக் கறையாக இருந்தால் மெருகேற்றினாலே போய்விடும். சின்னப் பிளவு என்றால் பல நேரங்களில் அந்த இடத்தை மட்டும் சரிசெய்யலாம். முழு ஃபில்லிங்கையும் தோண்டி எடுத்தால், ஒவ்வொரு முறையும் நல்ல பல்லும் கொஞ்சம் போகும். ஆகவே கூச்சம், உணவு சிக்குதல், ஓரத்தில் கறுப்பு தெரிந்தால் வலி வரும்வரை காத்திருக்காமல் காட்டிவிட வேண்டும். வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்குப் பக்கத்திலேயே பழைய ஜெயில் ரோட்டில் ஸ்டான்லி அரசு மருத்துவமனை இருக்கிறது. 1953இல் தொடங்கிய தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, கோட்டை ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கிறது.