முதுகு தேய்க்கும் சாஸ்திரம்

நோயாளியின் முதுகில் ஸ்பிரிட்டைத் தடவிச் சூடு பறக்கத் தேய்த்துப் பவுடர் தூவிவிட்டால் படுக்கைப் புண் அண்டாது என்பது, பல தலைமுறைச் செவிலியர் தம் மூத்தவர்களிடம் கற்றுக்கொண்டு, அதே சிரத்தையோடு இளையவர்களுக்கும் கற்பித்துவந்த பாடம். தேய்த்தும் புண் வந்துவிட்டால், தேய்த்தது போதவில்லை என்பார் வார்டு சிஸ்டர். தோற்கவே வழியில்லாத சாஸ்திரம் அது! நோயைக் காட்டிலும் பராமரிப்பின் குறையே பெரும்பாலும் படுக்கைப் புண்ணுக்குக் காரணம் என்று ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டபடியால், புண் என்பது செவிலியின் மானப் பிரச்சினையாகவும் ஆகிவிட்டது. மானம் குறுக்கிடும் இடத்தில் ஆராய்ச்சி எளிதில் நுழைவதில்லை.

நுழைத்தவர் ஒரு செவிலியேதான். டோரீன் நார்ட்டன் என்ற ஆங்கிலேயப் பெண்மணி, முதியோர் வார்டுகளில் சகாக்களோடு நடத்தி 1962-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், எதைப் பூசலாம் என்ற பழைய கேள்வியோடு நின்றுவிடாமல், யாருக்குப் புண் வருகிறது என்றும் கேட்டார். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், படுக்கையில் அசையும் சக்தி, மலஜலக் கட்டுப்பாடு என்ற 5 அம்சங்களுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண் இட்டு, மொத்தம் 20-க்கு 14-உம் அதற்குக் கீழும் பெறுபவரை அபாயத்தில் இருப்பவராகக் கொள்ளவேண்டும் என்றார். பூச்சுகளை நம்புவதைவிட, அழுத்தம் ஒரே இடத்தில் நிலைக்காதபடி அடிக்கடி புரட்டிப் படுக்கவைப்பதே மேல் என்ற முடிவு வலுப்பெற்றது.

அதன்பின், 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுதல் வார்டுகளின் வேதவாக்காயிற்று. அதையும் ஒருவர் சோதித்தாக வேண்டுமல்லவா? நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற செவிலி ஆராய்ச்சியாளரின் தலைமையில், அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் 942 பேரை 2, 3, 4 மணி நேர இடைவெளிகளில் புரட்டிப் பார்த்து 2013-இல் வெளியான பரிசோதனையில், மூன்று பிரிவினருக்கும் புண் வந்த விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. ஆனால் அவர்கள் அத்தனை பேரும் படுத்திருந்தது அடர்த்தி மிகுந்த ஃபோம் மெத்தையில். ரெக்சின் உறையிட்ட தேங்காய்நார் மெத்தையில் கிடக்கும் நம் ஊர்ப் பாட்டிக்கு அந்த 4 மணி நேரத்தை அப்படியே அளித்துவிடுவது விஞ்ஞானம் ஆகாது. முடிவை மட்டும் படித்துவிட்டு மெத்தையைப் படிக்காமல் விடுகிற அவசரம் அது.

தோல் விஷயமும் இத்தகையதே. எலும்பு துருத்திய இடம் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி எடுத்து, வெளுக்கிறதா என்று பார்க்கும்படி பாடப்புத்தகம் கூறுகிறது. வெளுக்காத சிவப்பே புண்ணின் முதற்படி. கறுத்த மேனியில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரிந்தால்தானே! ஆகையால் புறங்கையை வைத்துச் சூட்டையும், விரல் நுனியால் இறுக்கத்தையும், அண்டைத் தோலோடு ஒப்பிட்டு நிறமாற்றத்தையும் அறிகிற செவிலி, புத்தகத்தை மீறவில்லை. அது எந்தத் தோலைப் பார்த்து எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்கிறாள்.

வீட்டில் படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: முதுகடியிலோ குதிகாலிலோ தோல் நிறம் மாறியிருந்தால் அங்கே தேய்க்காதீர்கள், அந்த இடத்தில் பாரம் படாதபடி திருப்பிப் படுக்கவைத்துவிட்டு, ஒரு செவிலியை அழைத்துக் காட்டுங்கள்.